எதிராளி இல்லாத சீட்டாட்டம்

விளையாட்டு என்றதும் வெற்றி, தோல்வி என்னும் இரண்டு சொற்கள் நம் நினைவுக்கு வருகின்றன. தாயமானாலும் கேரமானாலும் சதுரங்கமானாலும் ஒருவர் வெல்ல வேண்டுமானால் மற்றவர் தோற்க வேண்டும். ஆனால் சுற்றி உட்கார்ந்திருக்கும் அனைவரும் ஒரே கட்சி. வென்றால் எல்லோருக்கும் வெற்றி, தோற்றால் எல்லோருக்கும் தோல்வி என்ற விதியுடன் அமைந்த விளையாட்டுகளும் உண்டு. இவற்றைக் கூட்டு விளையாட்டுகள் எனலாம்.

அப்படியானால் எதிர்க்கட்சி யார் என்று நீங்கள் கேட்கலாம். குலுக்கி வைத்த சீட்டுக்கட்டுதான் எதிர்க்கட்சி. அடுத்து என்ன சீட்டு வரும் என்று தெரியாத நம் அறியாமையே எதிரி. அந்த அறியாமையைக் குறைக்க உதவும் பொருளைத்தான் விஞ்ஞானிகள் ‘தகவல்’ என்கிறார்கள். தகவலையும் நீளம், எடை போல அளக்கலாம். எப்படி அளப்பது, எப்படிச் சிக்கனமாகச் செலவிடுவது என்பதை அரைமணி நேரத்தில் முடிந்துவிடும் ஒரு சீட்டாட்டத்தைக் கொண்டு காண்போம்.

ஹனாபி

இந்த ஆட்டத்தின் பெயர் ‘ஹனாபி’. ஜப்பானிய மொழியில் வாணவேடிக்கை என்று பொருள். பூ, நெருப்பு என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது அது. நாமும் பூவாணம் என்கிறோமல்லவா? அந்த்வான் போசா என்ற பிரெஞ்சுக்காரர் அமைத்த இந்த ஆட்டம் 2010இல் வெளிவந்தது. 2013இல் ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான பரிசைப் பெற்றது.

மொத்தம் 50 சீட்டுகள். வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு என ஐந்து நிறங்கள். ஒவ்வொரு நிறத்திலும் 1 என்ற எண் மூன்று சீட்டுகளிலும், 2, 3, 4 ஆகியவை இவ்விரண்டு சீட்டுகளிலும், 5 ஒரே ஒரு சீட்டிலும் இருக்கும். ஒவ்வொரு நிறத்தையும் 1, 2, 3, 4, 5 என்று வரிசையாக அடுக்கி முடிப்பதே அனைவருக்கும் பொதுவான குறிக்கோள். ஐந்து நிறங்களும் நிறைந்தால் 25 புள்ளிகள். அதற்கு மேல் இல்லை.

இதில் என்ன கடினம்? சீட்டைத் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்பதுதான்! உங்கள் சீட்டுகளின் முகம் மற்றவர்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது மூன்றில் ஒன்றைச் செய்யலாம். ஒருவருக்குக் குறிப்புச் சொல்லலாம். ஒரு சீட்டை இறக்கலாம். அல்லது ஒரு சீட்டைக் கழித்துவிடலாம். குறிப்பு என்பது ஒரு நிறம் அல்லது ஒரு எண். “இவை இரண்டும் சிவப்பு”, “இது 3” என்று காட்டலாம். அந்த நிறமோ எண்ணோ அவரிடம் எத்தனை சீட்டுகளில் இருந்தாலும் அத்தனையையும் காட்ட வேண்டும். வேறு பேச்சு கூடாது.

குறிப்புகளும் இலவசமல்ல. தொடக்கத்தில் எட்டு வில்லைகள் நடுவில் இருக்கும். ஒரு குறிப்புக்கு ஒரு வில்லை செலவாகும். சீட்டைக் கழித்தால் ஒன்று திரும்பக் கிடைக்கும். ஒரு நிறத்தின் 5ஐ இறக்கினாலும் ஒன்று கிடைக்கும். தவறான சீட்டை மூன்று முறை இறக்கினால் ஆட்டம் அத்துடன் முடிந்தது.

ஒருவரே ஆட்டுவிக்க முடியாது

கூட்டு விளையாட்டுகளில் ஒரு தொல்லை உண்டு. 2008இல் அமெரிக்காவில் மாட் லீகாக் அமைத்த ‘பாண்டமிக்’ என்ற புகழ்பெற்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். உலகெங்கும் பரவும் நோய்களை எல்லோரும் சேர்ந்து ஒழிக்க வேண்டும். அங்கு நிலவரம் முழுவதும் எல்லோர் பார்வையிலும் இருக்கும். எனவே விவரம் தெரிந்த ஒருவர், “நீ இங்கே போ, நீ அதைச் செய்” என்று மற்றவர்களை ஆட்டுவிக்கத் தொடங்கிவிடலாம். பிறகு ஆடுவது ஒருவர். மற்றவர்கள் அவருடைய கைகால்கள்.

ஹனாபியில் இது நடவாது. குடும்பத்தில் மிகக் கெட்டிக்காரர் யாராக இருந்தாலும் அவருடைய சீட்டு அவருக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்திருக்கும் பத்து வயதுச் சிறுமிக்குத் தெரியும். தகவல் எல்லோரிடமும் பங்கிடப்பட்டிருப்பதால் ஒவ்வொருவரும் தேவைப்படுகிறார்.

வரவு செலவுக் கணக்கு

ஐவர் ஆடுவதாகக் கொள்வோம். ஆளுக்கு 4 வீதம் 20 சீட்டுகள் கைக்குப் போய்விட, கட்டில் 30 எஞ்சும். ஒரு சீட்டை இறக்கினாலும் கழித்தாலும் கட்டிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். 30 முறை எடுத்ததும் கட்டு தீர்ந்துவிடும். அதன்பின் ஆளுக்கு ஒரே ஒரு முறை. ஆக, இறக்குவதற்கும் கழிப்பதற்கும் சேர்த்து 35 வாய்ப்புகளே உள்ளன.

முழு வெற்றி பெற 25 சீட்டுகளை இறக்கியாக வேண்டும். எனவே கழிப்பதற்குக் கிடைப்பவை 10. அவற்றால் வரும் வில்லைகள் 10; ஐந்து 5ஆம் எண் சீட்டுகளால் வருபவை 5; தொடக்கத்தில் இருந்தவை 8. கூட்டினால் 23. எவ்வளவு திறமையாக ஆடினாலும் 23 குறிப்புகளுக்கு மேல் சொல்ல முடியாது.

ஒரு சீட்டை முழுமையாக அறிய நிறம் ஒன்று, எண் ஒன்று என இரண்டு குறிப்புகள் வேண்டும். 25 சீட்டுகளுக்கு 50. கையில் இருப்பதோ அதில் பாதிகூட இல்லை! ஆகவே ஒரு குறிப்பு, சொல்லும் சொல்லைவிட அதிகமான தகவலைச் சுமக்க வேண்டும். இது எப்படி முடியும்?

தொப்பிப் புதிர்

விடை காண ஒரு பழைய புதிர் உதவும். பத்து மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவர் தலையிலும் கறுப்பு அல்லது வெள்ளைத் தொப்பி. தம் தொப்பி தெரியாது. முன்னால் நிற்பவர்களின் தொப்பிகள் மட்டும் தெரியும். கடைசியில் நிற்பவர் தொடங்கி ஒவ்வொருவராகத் தம் தொப்பியின் நிறத்தைச் சொல்ல வேண்டும். ‘கறுப்பு’, ‘வெள்ளை’ தவிர வேறு சொல் கூடாது. எத்தனை பேர் சரியாகச் சொல்வார்கள்?

முன்னரே கூடிப் பேசி ஓர் உடன்பாடு செய்துகொண்டால் ஒன்பது பேர் உறுதியாகச் சரியாகச் சொல்லலாம். கடைசியில் நிற்பவர் தம் முன்னே உள்ள கறுப்புத் தொப்பிகளை எண்ணுகிறார். அது ஒற்றைப்படையானால் ‘கறுப்பு’ என்கிறார். இரட்டைப்படையானால் ‘வெள்ளை’ என்கிறார். அவர் ‘கறுப்பு’ என்று சொன்னதாகக் கொள்வோம். அவருக்கு முன்னால் நிற்பவர் தமக்கு முன்னுள்ள கறுப்புகளை எண்ணுகிறார். அதுவும் ஒற்றைப்படையாகவே இருந்தால் தம் தொப்பி வெள்ளை. இரட்டைப்படையாகிவிட்டால் தம்முடையது கறுப்பு. அவர் விடையைக் கேட்ட அடுத்தவரும் இவ்வாறே கணக்கிடுவார்.

கடைசி மாணவர் சொன்னது ஒரே ஒரு சொல். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து சொல்லும் இவ்வளவு சிறிய தகவலை ஒரு ‘பிட்’ என்பர். கிளாட் ஷானன் 1948இல் வகுத்த தகவல் கொள்கையின் அடிப்படை அலகு இது. அந்த ஒரு பிட், ஒவ்வொருவரும் கண்ணால் கண்டதோடும் காதால் கேட்டதோடும் சேர்ந்து ஒன்பது பேருக்குப் பயன்பட்டுவிட்டது!

எட்டால் வகுத்த மீதி

இதே உத்தியை ஹனாபியிலும் கையாளலாம். குறிப்புச் சொல்பவருக்கு எதிரே நால்வர். ஒவ்வொருவருக்கும் எண் குறிப்போ நிறக் குறிப்போ சொல்லலாம். ஆக 8 வழிகள். அதாவது 3 பிட் தகவல்.

இனி ஒரு சங்கேதம் அமைப்போம். 0 முதல் 3 வரை என்றால் முறையே முதல், இரண்டாம், மூன்றாம், நான்காம் சீட்டை இறக்கு. 4 முதல் 7 வரை என்றால் அதே வரிசையில் கழித்துவிடு. குறிப்புச் சொல்பவர் நால்வரின் கைகளையும் பார்த்து, அவரவர் செய்யத்தக்கதை எண்ணாக மாற்றுகிறார். அவை 2, 5, 0, 6 என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 13. எட்டால் வகுத்தால் மீதி 5. இந்த 5ஐ மட்டும் தெரிவித்தால் போதும். எட்டு வழிகளுக்கும் 0 முதல் 7 வரை எண்ணிட்டு, 4 முதல் 7 வரை நிறக் குறிப்புகள் என்று வைத்திருந்தால், இரண்டாமவருக்கு நிறக் குறிப்புச் சொல்வதே 5 ஆகும்.

முதலாமவர் மற்ற மூவரின் கைகளையும் பார்க்கிறார்: 5, 0, 6. தொகை 11, எட்டால் வகுத்த மீதி 3. அறிவிக்கப்பட்ட 5இலிருந்து 3 போக 2. ‘மூன்றாம் சீட்டை இறக்கு’ என்பது தமக்கு வந்த செய்தி என்று அறிகிறார். மற்ற மூவரும் இப்படியே தம் எண்ணைக் கண்டுகொள்வார்கள். கழித்தபின் குறை எண் வந்தால் 8ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். நான்காமவருக்கு அப்படி வரும், கணக்கிட்டுப் பாருங்கள்.

ஒரு குறிப்பு நால்வருக்கும் செய்தியாகிவிட்டது. இவ்வழியைச் செம்மைப்படுத்திக் கணிதவியலாளர் சிலர் 2015இல் அமெரிக்கக் கணித இதழ் ஒன்றில் வெளியிட்டனர். அவர்களுடைய சிறந்த முறை, கணிப்பொறியில் ஆடிப் பார்த்தபோது, சராசரியாக 24க்கும் மேற்பட்ட புள்ளிகளைத் தந்தது.

கணிப்பொறிக்கு வந்த சங்கடம்

கணிப்பொறி 1997இல் சதுரங்கத்தில் காஸ்பரோவை வென்றது. 2016இல் ‘கோ’ ஆட்டத்தில் லீ செடோலை வென்றது. 2019இல் ஆராய்ச்சியாளர்கள் அதன் முன் வைத்த புதிய சவால்களுள் ஒன்று ஹனாபி. தன்னோடு தானே பலமுறை ஆடிப் பழகிய நிரல்கள் மிக உயர்ந்த புள்ளிகளைப் பெற்றன. ஆனால் தனித்தனியே பழகிய இரண்டு நிரல்களைச் சேர்த்து ஆடவிட்டபோது ஆட்டம் படுத்துவிட்டது. காரணம் எளிது. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சங்கேதத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. ஒன்று ‘இறக்கு’ என்ற பொருளில் சொன்னதை மற்றொன்று ‘கழி’ என்று புரிந்துகொண்டது.

ஒரு சொல்லின் பொருள் சொல்லில் மட்டும் இல்லை. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையேயுள்ள உடன்பாட்டில் இருக்கிறது என்பது இதனால் விளங்கும். மனிதர்களாகிய நாம் சங்கேதம் எதுவும் பேசி வைக்காமலே இதைச் சமாளிக்கிறோம். “இத்தனை சீட்டு இருக்க, அக்கா ஏன் இதைக் காட்டினாள்? இதை இப்போதே இறக்க வேண்டும் என்பதற்காகத்தான்” என்று தம்பி ஊகிக்கிறான். அவன் அப்படி ஊகிப்பான் என்று அவளும் அறிந்திருந்தாள். குறிப்பே சொல்லாமல் விட்டாலும் அதற்கு ஒரு பொருள் உண்டு: இப்போது அவசரம் ஒன்றுமில்லை. பிறர் மனத்தில் நின்று யோசிக்கும் இந்தப் பயிற்சிதான் ஆட்டத்தின் உயிர்.

நீங்களே செய்து ஆடலாம்

ஒரே நிற அட்டையை 50 துண்டுகளாக வெட்டுங்கள். முதுகுப்புறத்தில் அழுக்கோ மடிப்போ கூடாது. அதைக்கொண்டே சீட்டை அடையாளம் கண்டுவிடலாம். வண்ணப் பேனாவால் எண்களை எழுதுங்கள். வில்லைகளுக்கு எட்டுப் புளியங்கொட்டைகள். தவறுகளை எண்ண மூன்று சோழிகள். இரண்டு அல்லது மூன்று பேர் ஆடினால் ஆளுக்கு ஐந்து சீட்டு. நான்கு, ஐந்து பேரானால் நான்கு சீட்டு.

முதல் ஆட்டத்தில் 15 புள்ளிகள் வந்தாலே மகிழ்ச்சி அடையுங்கள். எட்டால் வகுக்கும் முறையை உடனே கையாளாமல், முதலில் ஊகித்தே ஆடுங்கள். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும், “நான் இன்னதை நினைத்துச் சொன்னேன், நீ எப்படிப் புரிந்துகொண்டாய்?” என்று ஒருவரையொருவர் கேளுங்கள். அடுத்த ஆட்டத்தில் புள்ளிகள் கூடினால், வந்த சீட்டு நன்றாக இருந்ததா, உங்களுக்குள் புரிதல் வளர்ந்ததா என்று பத்து ஆட்டங்களின் புள்ளிகளைக் குறித்து வைத்துப் பாருங்கள். அதுவும் ஒரு சோதனைதான்.