பழைய பத்மினியும் புதிய பெட்ரோலும்

மும்பைத் தெருக்களில் கறுப்பும் மஞ்சளுமாய் ஓடிக்கொண்டிருந்த பத்மினி டாக்சிகள் 2023-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களோடு விடைபெற்றுவிட்டன. டாக்சிக்கு இருபது ஆண்டே ஆயுள் என்பது இந்நகரத்து விதி. கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சிக்கு அந்த ஆயுள் அப்போது முடிந்தது. சொந்த வண்டிகளுக்கு அவ்விதி இல்லை. பதினைந்து ஆண்டு கடந்தபின், ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு ஓட்டலாம். ஆகவே மாதுங்காவிலும் செம்பூரிலும் டோம்பிவிலியிலும் நம்மவர் வீட்டு வாயில்களில் துணி போர்த்திய பத்மினிகள் சில இன்னும் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று நம்முடையது.

நம் தகப்பனார் 1989-இல் வாங்கிய வண்டி அது. அவர் காலமான பின் ஆறு ஆண்டுகள் வாதுமை மரத்தடியில் அசையாமல் நின்றது. சென்ற ஆண்டு தாயார், "ஆடிக் கிருத்திகைக்குச் செம்பூர் முருகன் கோயிலுக்கு அப்பா வண்டியிலேயே போகவேண்டும்" என்றார். நமக்கும் அதே ஆசை உள்ளூர இருந்ததால் மறுக்கத் தோன்றவில்லை. மைத்துனரும் நாமுமாக ஞாயிறுதோறும் வேலையைத் தொடங்கினோம்.

மைத்துனருக்கு வயது இருபத்திரண்டு. "அத்தான், முன்பக்கத்தைத் தாழ்த்திவிடலாம், பெட்ரோலுக்கு மின்சாரப் பம்பு போட்டுவிடலாம், வண்டி பறக்கும்" என்று திட்டம் சொன்னார். அதை வாங்கிக்கொண்டு தாராவியில் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரரான பெரியவர் ஒருவரிடம் சென்றோம். டாக்சிகளிலேயே நாற்பது ஆண்டு கைபழகியவர் அவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, முதல்ல பெட்ரோல் போற வழியைப் பாருங்க. ஒசரமெல்லாம் பொறவு" என்றார். அன்று அச்சொல்லை நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம் கழித்து வண்டியைச் சோதனையாக வெளியே எடுத்தோம். சயன் அருகே பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது. பின்னிருக்கையில் நம் மகன் அமர்ந்திருந்தான். ஓரமாய் நிறுத்தி அவனை இறக்கிவிட்டுப் பானெட்டைத் தூக்கினால், பம்பிலிருந்து கார்புரெட்டருக்குச் செல்லும் ரப்பர்க் குழாய் தண்ணீரில் ஊறிய அப்பளம்போல் உப்பி நெகிழ்ந்து, கிளாம்ப்பின் அருகே பெட்ரோலைச் சொட்டிக்கொண்டிருந்தது. சூடேறிய இன்ஜினுக்கும் அச்சொட்டுக்கும் இடையே நான்கு விரல் தூரம்கூட இல்லை. வீட்டுக்கு வண்டியைக் கயிறு கட்டித்தான் இழுத்துவந்தோம். தாயாரிடம் பஞ்சர் என்று சொன்னோம்.

ஆறாண்டு நின்ற குழாய் பழுதாவதில் வியப்பில்லை. எனினும் அது இவ்வளவு விரைவில் நெகிழ்ந்ததற்குக் காரணம் பெட்ரோலே. இன்று பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்குவரை எத்தனால் எனும் சாராயம் கலந்துள்ளது. 2022-இல் பத்து பங்காக இருந்த கலப்பு 2025-இல் இருபதை எட்டியது. பத்மினி குர்லாத் தொழிற்சாலையில் பிறந்த காலத்தில் அதன் ரப்பரும் கார்க்கும் பம்பின் டயாபிரமும் சாராயத்தை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறும், உப்பும், பின் வெடிக்கும். அன்றியும் எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பது. நெடுநாள் நிற்கும் வண்டியில் அந்நீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கித் துருவை வளர்க்கும். டேங்கில் ஒட்டிக்கிடந்த பழைய பிசினையும் கரைத்துக்கொண்டுவந்து பில்டரை அடைக்கும். எத்தனாலைப் பழிப்பது நம் நோக்கமன்று. இன்ஜின் தட்டும் ஒலி அதனால் குறைகிறது என்பதும் உண்மையே. பழைய வண்டிக்காரர் தம் வண்டியை அதற்கு இசைய மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே நாம் சொல்லவருவது.

நாம் மாற்றியவை இவை. டேங்கிலிருந்து கார்புரெட்டர்வரை ரப்பர்க் குழாய் முழுவதையும் எடுத்துவிட்டு, எத்தனால் தாங்கும் குழாயைப் பூட்டினோம். மேலே 'எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9' என்று அச்சிட்ட குழாயாகப் பார்த்து வாங்கவேண்டும். கடைக்காரர் 'அதேதான்' என்று எதை நீட்டினாலும் எழுத்தைப் படித்தபின்னரே பணம் தருக. பம்புக்குப் புதிய டயாபிரம், கார்புரெட்டருக்குப் புதிய கேஸ்கெட்டுகள். டேங்கைக் கழற்றி உள்ளே கழுவினோம். அதிலிருந்த சிறு ஓட்டையைப் பற்றவைத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பெட்ரோல் டேங்க் காலியாக இருக்கும்போதுதான் மிகக் கொடியது. உள்ளே நிற்கும் ஆவி ஒரு பொறிக்கு வெடிக்கும். பட்டறைப் பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டு அந்த யோசனையை அனுப்பிவைத்தார். வேறு டேங்க் தேடி வாங்கினோம்.

அடுத்தது ஜெட். பெட்ரோல் எரிய அதன் எடையைப்போல் ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 மடங்கு போதும். இருபது பங்கு கலந்தால் கணக்கு 13.5 அளவுக்கு இறங்குகிறது. பழைய ஜெட் பழைய அளவே ஊற்றுவதால் இன்ஜினுக்கு எரிபொருள் குறைந்து, காற்று மிகுந்து, சூடு ஏறும். சோலெக்ஸ் ஜெட்டில் பொறித்த எண், துளையின் குறுக்களவை மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்காகச் சொல்வது. 110 எண்ணுக்குப் பதில் 115 போட்டால் துளையின் பரப்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது கூடும். அலுவலகத்தில் கூட்டிக் கழிக்கும் நமக்கு இந்த ஒரு கணக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. ஒரு படி ஏற்றி, ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டோம். வெளுத்திருந்தால் போதவில்லை, கரிந்திருந்தால் மிகுதி.

மைத்துனரின் மின்சாரப் பம்பு மட்டும் நடக்கவில்லை. கார்புரெட்டரின் ஊசி தாங்கக்கூடியது சதுர அங்குலத்துக்கு மூன்று நான்கு பவுண்டு அழுத்தமே. அவர் கொண்டுவந்தது ஊசிவழிப் பெட்ரோல் பீச்சும் இக்கால வண்டியின் பம்பு. அது நாற்பது பவுண்டுக்கு மேல் தள்ளும். அதைப் பூட்டியிருந்தால் பெட்ரோல் கார்புரெட்டரை நிரப்பி வெளியே வழிந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. பழைய பம்பு இன்ஜின் சுழன்றால்தான் வேலை செய்யும். மோதலில் இன்ஜின் நின்றால் அதுவும் நிற்கும். மின்சாரப் பம்போ, தனியே தடுக்கும் சுவிட்ச் இல்லையேல், நெருப்பின்மேலும் ஊற்றிக்கொண்டிருக்கும். கோடையில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி வண்டி மடக்கும் தொல்லைக்குப் பம்பின்மேல் ஈரத்துணி போடும் பழைய வைத்தியம் பலருக்கு நினைவிருக்கும். நாம் குழாயைச் சூடான பக்கத்திலிருந்து விலக்கி, நடுவே ஒரு தகடும் வைத்தோம். மே மாதத்திலும் மடக்கவில்லை.

இனி ஸ்பிரிங்குகள். பத்மினியின் முன்பக்கத்தில் மேலும் கீழும் இரு கைகளுக்கிடையே சுருள் ஸ்பிரிங்கும், பின்பக்கத்தில் பட்டை ஸ்பிரிங்கும் உள்ளன. தாழ்த்தவேண்டுமென்றால் சுருளை வெட்டுவதுதான் இளைஞர்களின் வழக்கம். எட்டுச் சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு ஏழில் ஒரு பங்கு கூடும். ஆடும் இடமோ குறையும். விறைத்த ஸ்பிரிங் பள்ளத்தின் அடியை விழுங்காமல் மேலே அனுப்பிவிடுகிறது. பத்மினிக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். முப்பது ஆண்டு மழையில் துருவேறிய மூட்டுகளில் அந்த அடி விழுந்தால் எங்கே கிழியும் என்று கண்டவர் யார்? வெட்டாமல் தீயில் காட்டித் தாழ்த்துவோரும் உண்டு. சூட்டில் எஃகு பதமிழந்துவிடும். அது வெட்டுவதைவிடக் கேடு.

"வண்டி ஒரு பக்கம் சாயுதே, அதைப் பார்த்தீகளா?" என்று பெரியவர் கேட்டபின்தான் நாமும் கவனித்தோம். ஓட்டுநர் பக்கம் இரண்டு விரல் தாழ்ந்திருந்தது. ஒரு ஸ்பிரிங் சோர்ந்து, ரப்பர் புஷ்கள் கல்லாகி, கிங் பின்கள் கிரீஸின்றி வறண்டு கிடந்தன. ஸ்பிரிங்குகளை இணையாக மாற்றி, கைகளின் புஷ்களும் கிங் பின்களும் புதிதாக்கி, நான்கு ஷாக் அப்சார்பரும் போட்டபின் மைத்துனர் ஓட்டிப் பார்த்தார். அதன்பின் தாழ்த்தும் பேச்சை அவரே எடுக்கவில்லை. இதில் ஓர் எச்சரிக்கை: அழுத்தி நிற்கும் சுருளை உரிய கருவியின்றிக் கழற்றினால் அது பாயும். வீட்டுவாசலில் வைத்துச் செய்யத்தக்க வேலை அதுவன்று. அதற்குமட்டும் பட்டறைக்கே சென்றோம்.

பெட்ரோலுக்கும் ஸ்பிரிங்குக்கும் உறவுண்டு என்பதை டாக்சிக்காரர் நன்கறிவர். சி.என்.ஜி. வந்தபோது டிக்கியில் ஏறிய எஃகு உருளை ஏறத்தாழ அறுபது கிலோ இருக்கும். வண்டியின் பின்புறம் தாழ, பலர் பட்டைக்கட்டில் ஒரு பட்டை கூடுதலாக வைத்தனர். டிக்கியில் இடமின்றிப் பயணிகளின் பெட்டிகள் கூரைமேல் ஏறின. தாதர் நிலையத்தில் இறங்கி ஊர்ப்பெட்டிகளைக் கூரைமேல் கட்டிக்கொண்டு வீடு சேர்ந்ததை நம்மில் மறந்தவர் இருக்கமுடியாது. சி.என்.ஜி. பூட்ட விரும்புவோர் ஒப்புதல் பெற்ற கருவித்தொகுதியையே பூட்டிப் பதிவுச் சான்றிலும் எழுதிக்கொள்ளவேண்டும். உருளையை மூன்றாண்டுக்கு ஒருமுறை சோதிக்கவேண்டும். அதற்குள் வாயு நிற்பது 200 பார் அழுத்தத்தில்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவின்படி, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது. 2019-இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தேய்ந்ததற்குப் பதில் அதேபோன்ற உறுப்பைப் போடுவது வேறு, உருவையே மாற்றுவது வேறு. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த தனி விதியும் மூல வடிவம் கெடாமல் இருப்பதையே கேட்கிறது. வெட்டிய ஸ்பிரிங்கோடு அந்த வாயிலில் நிற்கமுடியாது.

ஆடிக் கிருத்திகையன்று தாயார் முன்னிருக்கையில் அமர்ந்து கோயிலுக்கு வந்தார். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. சேடா நகர் திரும்பும்போது, "அப்பா இங்கே ஹாரன் அடிப்பார்" என்றார். நாமும் அடித்தோம். பின்பட்டைகளின் புஷ் மட்டும் இன்னும் கிடைத்தபாடில்லை. அன்பர் எவரிடமேனும் பழைய இருப்பு இருந்தால் சங்கத்துக்குத் தெரிவித்து உதவுக.