"அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்": காரில் குழந்தையைத் தனியே விடலாமா?

மருந்துக் கடையில் ஒரே ஒரு சிரப் வாங்க வேண்டும். பின் இருக்கையில் பிள்ளை தூங்கிவிட்டது. எழுப்பினால் அழும். தூக்கிக்கொண்டு போனால் கையில் பையைப் பிடிக்க முடியாது. "அஞ்சு நிமிஷம்தானே" என்று கதவைப் பூட்டிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நம் ஊர்க் கடைத்தெருவிலும் சரி, துபாய், தோஹா சூப்பர் மார்க்கெட் வாசல்களிலும் சரி, இது நாம் அன்றாடம் காணும் காட்சிதான்.

இப்படிச் செய்பவர்கள் பொறுப்பற்ற பெற்றோர் அல்ல. பிள்ளையின் தூக்கம் கெடக்கூடாது, வெயில் படக்கூடாது என்ற அக்கறையில்தான் பலரும் செய்கிறார்கள். ஆனால் காருக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் அதே அக்கறை வேறு முடிவை எடுக்க வைக்கும். எனவே நம் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: சிறு குழந்தையை எவ்வளவு குறுகிய நேரமானாலும் காரில் தனியே விடக்கூடாது. ஏன் என்பதை விரிவாகப் பார்ப்போம்.

பூட்டிய காருக்குள் நடப்பது என்ன?

சூரிய ஒளி கண்ணாடி வழியாக உள்ளே நுழைகிறது. டேஷ்போர்டு, ஸ்டியரிங், இருக்கைகள் எல்லாம் அதை வாங்கிச் சூடாகின்றன. அவை உள்ளே இருக்கும் காற்றைச் சூடாக்குகின்றன. அந்தச் சூடு வெளியேற வழியில்லை. அதனால் வெளியே இருப்பதைவிடக் காருக்குள் வெப்பம் மிக அதிகமாகிவிடுகிறது.

அமெரிக்காவில் 2005 இல் வெளியான ஓர் ஆய்வில், 22 முதல் 36 டிகிரி செல்சியஸ் வரை வெயில் இருந்த நாட்களில் நிறுத்திவைத்த காரை அளந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் உள்வெப்பம் சராசரியாக 22 டிகிரி கூடியது. அதில் 80 சதவீத உயர்வு முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிட்டது. முதல் பத்து நிமிடத்தில் மட்டும் ஏறத்தாழ 10 டிகிரி ஏறிவிடுகிறது. வெளியே 35 டிகிரி என்றால், பத்து நிமிடத்தில் உள்ளே 45. ஜன்னலைச் சற்றே இறக்கி வைத்ததால் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் ஏற்படவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

நிழலில் நிறுத்தினால்? அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. 38 டிகிரிக்கு மேல் வெயில் இருந்த நாட்களில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரின் உள்ளே சராசரியாக 47 டிகிரி. டேஷ்போர்டு 69 டிகிரி. நிழலில் நின்ற காருக்குள் 38 டிகிரி. இரண்டு வயதுக் குழந்தையின் உடல், வெயிலில் நிற்கும் காரில் சுமார் ஒரு மணி நேரத்திலும், நிழலில் நிற்கும் காரில் இரண்டு மணி நேரத்துக்குள்ளும் உயிருக்கு ஆபத்தான வெப்பத்தை எட்டிவிடக்கூடும் என்று அந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நிழல் ஆபத்தைத் தள்ளிப்போடுகிறதே தவிர, தடுப்பதில்லை.

சென்னையின் மே மாத வெயிலும் வளைகுடாவின் ஜூலை, ஆகஸ்ட் வெயிலும் இந்த அரிசோனா வெயிலுக்குச் சளைத்தவை அல்ல.

குழந்தையின் உடல் நம் உடல் போன்றதல்ல

பெரியவர்களின் உடலைவிடச் சிறு குழந்தையின் உடல் 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடாகிறது. வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் ஆற்றலும் குழந்தைக்குக் குறைவு. உடல் வெப்பம் 40 டிகிரியை எட்டும்போது வெப்பவாதம் தொடங்குகிறது. 42 டிகிரியை நெருங்கும்போது உள்ளுறுப்புகள் செயலிழந்து உயிர் பிரியக்கூடும்.

இன்னொன்றும் இருக்கிறது. நமக்குச் சூடு தாங்கவில்லை என்றால் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிடுவோம். குழந்தை சீட் பெல்ட்டுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. சைல்டு லாக் போட்ட கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. பேசத் தெரியாத குழந்தை அழ மட்டுமே செய்யும். மூடிய கண்ணாடிக்கு வெளியே அந்த அழுகை பெரிதாகக் கேட்காது. சூடு ஏற ஏறக் குழந்தை சோர்ந்து அமைதியாகிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர் தூங்குகிறது என்றே நினைப்பார்.

அந்த ஐந்து நிமிடம் நம் கையில் இல்லை

"அஞ்சு நிமிஷம்" என்பது நாம் மனதில் போடும் கணக்கு. கடைக்கு அந்தக் கணக்கு தெரியாது. முன்னால் நான்கு பேர் நிற்பார்கள். மருந்துச் சீட்டில் இருக்கும் பெயர் புரியாமல் கடைக்காரர் டாக்டருக்குப் போன் போடுவார். ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும். திரும்பினால் நெடுநாள் பார்க்காத ஒருவர் சலாம் சொல்லி வீட்டு நலம் விசாரிப்பார். ஐந்து நிமிடம் பதினைந்தாகிவிடும்.

இவை சாதாரணத் தாமதங்கள். சாலையைக் கடக்கும்போது நம்மை ஒரு வண்டி தட்டிவிட்டால்? கடைக்குள் மயங்கி விழுந்துவிட்டால்? காருக்குள் ஒரு குழந்தை இருப்பது அந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானங்கள்

*"ஏசியைப் போட்டுவிட்டுத்தான் போகிறோம்."* எஞ்சின் நின்றாலோ, ஏசி கம்ப்ரசர் பழுதானாலோ, முன்னால் தாவி வந்த பிள்ளை பொத்தானை அமுக்கினாலோ, சில நிமிடங்களில் கார் மீண்டும் அடுப்பாகிவிடும். காற்றோட்டமில்லாத தரைத்தள பார்க்கிங்கில் எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு சேரும் ஆபத்து வேறு. எஞ்சின் ஓடும் காரைத் திருடன் ஓட்டிக்கொண்டு போனால் பிள்ளையும் அதோடு போகும். மேலும், பொது இடத்தில் நிறுத்திய வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்றவர் இல்லாதபோது எஞ்சின் ஓடக்கூடாது என்பது இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 126 ஆம் பிரிவு.

*"அண்ணன்காரன் கூட இருக்கிறானே."* ஆறு வயது அண்ணனும் குழந்தைதான். ஹேண்ட் பிரேக்கை இறக்குவது, கியரைத் தட்டுவது, சாவியைத் திருகுவது, பவர் விண்டோவில் தம்பியின் கையை நசுக்குவது எல்லாம் இரண்டு பிள்ளைகள் இருக்கும்போதும் நடக்கக்கூடும்.

*"இன்று வெயிலே இல்லை."* மேகமூட்டமான நாளிலும், 22 டிகிரி மட்டுமே இருக்கும் நாளிலும்கூடக் காருக்குள் சூடு ஏறும். வெப்பம் இல்லாத இரவிலும் மேலே சொன்ன மற்ற ஆபத்துகள் அப்படியே இருக்கின்றன.

*"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்."* நிச்சயமாக. ஆனால் முதலில் ஒட்டகத்தைக் கட்டச் சொல்லித் தந்த மார்க்கம் நம்முடையது. நம் கையில் இருக்கும் முயற்சியை விட்டுவிட்டுச் சொல்லும் வார்த்தை தவக்குல் ஆகாது.

தெரிந்து விடுவது மட்டுமல்ல

அமெரிக்காவில் 1998 முதல் இதுவரை ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகள் காருக்குள் வெப்பத்தால் இறந்திருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 37 பேர். அவர்களில் சுமார் பாதிப் பேர் மறதியால் விடப்பட்டவர்கள். நான்கில் ஒரு பங்கினர், நின்றிருந்த காருக்குள் தாமாக ஏறிச் சிக்கிக்கொண்டவர்கள். ஐந்தில் ஒரு பங்கினர், பெற்றோரோ பராமரிப்பவரோ தெரிந்தே விட்டுச் சென்றவர்கள்.

தாமாக ஏறிச் சிக்கிய துயரம் நம் மாவட்டங்களிலும் நடந்திருக்கிறது. 2022 ஜூன் மாதம் நெல்லை மாவட்டம் பணகுடி அருகே லெப்பைக்குடியிருப்பில், நிறுத்தியிருந்த காருக்குள் ஏறி விளையாடிய மூன்று குழந்தைகள் வெளியே வர முடியாமல் உயிரிழந்தார்கள். 2025 மே மாதம் ஆந்திராவின் விஜயநகரம் மாவட்டத்தில் இதேபோல் நான்கு குழந்தைகள். அங்கே யாரும் எந்தக் குழந்தையையும் காரில் விட்டுச் செல்லவில்லை. கார் பூட்டப்படாமல் இருந்தது, அவ்வளவுதான். கார் ஒரு விளையாட்டு இடம் என்ற பழக்கம் பிள்ளைக்கு வரக்கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் காரில் குழந்தையை விடுவதற்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனால் 2015 ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், 75 ஆம் பிரிவின்படி, பொறுப்பில் இருப்பவர் குழந்தைக்குத் துன்பம் நேரும் வகையில் வேண்டுமென்றே அலட்சியம் காட்டினால் மூன்று ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் 'வதீமா சட்டம்' என்று அறியப்படும் 2016 ஆம் ஆண்டுக் குழந்தைகள் உரிமைச் சட்டத்தின் கீழ் குழந்தையைக் கவனிப்பின்றி விடுவது தண்டனைக்குரிய குற்றம். மலேசியாவிலும் 2001 ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், தகுந்த கண்காணிப்பு இல்லாமல் பிள்ளையை விடுவதைக் குற்றமாக்குகிறது.

எந்த வயது வரை என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஆபத்தான சூழ்நிலையில் 6 வயது வரை உள்ள குழந்தையோடு குறைந்தது 12 வயதுடைய ஒருவர் இருக்க வேண்டும். கனடாவின் கியூபெக்கில் 7 வயதுக்குட்பட்ட குழந்தையை விடக்கூடாது. பிரிட்டனில் வயது வரம்பே இல்லை. ஆபத்து ஏற்படும் வகையில் விட்டால் குற்றம். இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய அளவுகோல் எளிது. தானே பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து, இறங்கி, உதவி கேட்கத் தெரியாத பிள்ளை எந்த வயதானாலும் சிறு பிள்ளைதான்.

பள்ளிவாசல் வாசலிலும் இது நடக்கிறது

ஜும்ஆவுக்கோ அஸருக்கோ வரும்போது, "உள்ளே வந்தால் ஓடுவான், பெரியவர்கள் திட்டுவார்கள்" என்று பிள்ளையைக் காரிலேயே விட்டு வருபவர்கள் உண்டு. இதில் பெற்றோரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. குழந்தையின் அழுகுரல் கேட்டால் தொழுகையையே சுருக்கிக்கொண்டவர்கள் நபி (ஸல்) அவர்கள். பேத்தி உமாமாவைச் சுமந்தபடி தொழுதிருக்கிறார்கள். அந்தப் பள்ளியில் குழந்தைக்கு இடம் இருந்தது. நம் பள்ளியில் பிள்ளையைப் பார்த்து முகம் சுளித்தால், அந்தத் தகப்பன் அடுத்த வாரம் அவனைக் காரில்தான் விட்டு வருவார்.

ஜமாஅத் நிர்வாகிகள் செய்யக்கூடியது அதிகமில்லை. குத்பாவுக்கு முன் ஒரு வரி அறிவிப்பு. பின் வரிசையில் பிள்ளைகளோடு வருவோருக்கு ஓர் ஓரம். பார்க்கிங் ஒழுங்கைப் பார்க்கும் இளைஞர்கள் ஒருமுறை கார்களுக்குள் எட்டிப் பார்ப்பது. இவை போதும்.

நாம் என்ன செய்யலாம்?

• நாம் இறங்கினால் பிள்ளையும் இறங்கும் என்று வீட்டில் ஒரே விதியாக வைத்துக்கொள்வோம். விதிவிலக்கு வைத்தால் ஒவ்வொரு முறையும் மனம் வாதாடும்.

• கடை வேலைகளைப் பிள்ளை இல்லாத நேரத்துக்குத் தள்ளிவைப்போம். கணவன் மனைவி இருவரும் வந்திருந்தால் ஒருவர் இறங்கட்டும், மற்றவர் காரில் இருக்கட்டும்.

• கைக்குழந்தையோடு தனியே வரும் தாய், கடைக்குப் போன் செய்து பொருளைக் காருக்கே கொண்டுவரச் சொல்லலாம். வளைகுடாவில் பக்காலாக்காரர்களும், நம் ஊரில் தெரிந்த மளிகைக் கடைக்காரரும் மறுக்க மாட்டார்கள். கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை.

• கைப்பையையோ போனையோ பின் இருக்கையில் பிள்ளையின் அருகில் வைப்போம். இறங்கும்போது பின் கதவைத் திறக்காமல் போக முடியாது. இது மறதிக்கு நல்ல மருந்து.

• தினமும் பிள்ளையைக் கொண்டுவிடுபவர் மாறும் நாளில்தான் மறதி அதிகம். அன்று பள்ளிக்கூடத்தில் விட்டாயிற்றா என்று மற்றவர் ஒரு போன் செய்துவிடுவோம்.

• வீட்டு வாசலில் நிற்கும் காரையும் பூட்டியே வைப்போம். சாவி பிள்ளைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். பிள்ளையைக் காணவில்லை என்றால் காருக்குள்ளும் டிக்கிக்குள்ளும் உடனே பார்ப்போம்.

• விவரம் தெரிந்த பிள்ளைக்கு ஹாரனை அழுத்தவும், உள்ளிருந்து முன் கதவைத் திறக்கவும் சொல்லிக்கொடுப்போம்.

காரில் தனியே ஒரு குழந்தையைப் பார்த்தால்

முதலில் குழந்தை விழித்திருக்கிறதா, கண்ணாடியைத் தட்டினால் அசைகிறதா என்று பாருங்கள். நன்றாக இருந்தால் ஒருவர் காரருகே நிற்க, இன்னொருவர் கடையில் வண்டி எண்ணைச் சொல்லி அறிவிக்கச் செய்யுங்கள். பெற்றோர் வரவில்லை என்றால் காவல்துறையை அழையுங்கள். இந்தியாவில் 112, அமீரகத்தில் 999.

குழந்தை துவண்டு கிடந்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ, காத்திருக்க நேரமில்லை. குழந்தைக்குத் தொலைவாக உள்ள பக்கவாட்டுக் கண்ணாடியை அதன் மூலையில் அடித்து உடைத்து வெளியே எடுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரால் நனைத்து விசிறுங்கள். மயக்கத்தில் இருக்கும் குழந்தையின் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆம்புலன்ஸை (தமிழகத்தில் 108, அமீரகத்தில் 998) உடனே அழையுங்கள்.

ஒன்றை மட்டும் தவிர்ப்போம். பெற்றோர் வந்ததும் வீடியோ எடுத்து, திட்டி, குழுக்களில் பரப்ப வேண்டாம். பிள்ளையைக் காப்பதுதான் நம் நோக்கம். அவமானப்பட்ட தாய் அடுத்த முறை கண்ணில் படாத இடத்தில் காரை நிறுத்துவாள். அன்பாகச் சொல்லப்பட்ட தாய் அடுத்த முறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குவாள்.

தூக்கம் கலைந்த பிள்ளை பத்து நிமிடம் அழும், பிறகு சமாதானமாகிவிடும். பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களைப் பேணிப் பாதுகாக்கும் தெளிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.