சொல்தாவுக்கு ஒரு சட்டம், அடுத்த வீட்டுக்காரருக்கு வேறொன்றா?

பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குகிறவரைப் புதுச்சேரியில் ‘சொல்தா’ என்பார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள தமிழர்கள் இந்த ஊரில் இன்றும் பல ஆயிரம் பேர். பிரான்ஸ் தேர்தலில் இங்கிருந்தே வாக்களிப்பவர்கள். ஆகவே பாரிஸில் மரணத்தைப் பற்றி ஒரு மசோதா வந்தால் அது நமக்கு வெறும் வெளிநாட்டுச் செய்தி அல்ல.

2025 மே 27 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழவை அப்படியொரு மசோதாவை முதல் வாசிப்பில் 305-க்கு 199 என்ற வாக்குகளில் ஏற்றது. தீராத, உயிருக்கு ஆபத்தான நோய் முற்றிய நிலையில், தாங்க முடியாத வேதனையில் இருப்பவர் சுயபுத்தியோடு கேட்டால், உயிரை முடிக்கும் மருந்தை அவருக்குத் தரலாம். அவரே உட்கொள்ள வேண்டும். உடல் இடம் தராவிட்டால் மருத்துவரோ செவிலியரோ செலுத்தலாம். வலதுசாரிகளின் கை ஓங்கிய செனட்டில் இதற்கு எதிர்ப்பு பலமானது.

மசோதாவின்படி கேட்பவர் பிரெஞ்சுக் குடிமகனாகவோ பிரான்ஸில் நிலையாக வசிப்பவராகவோ இருக்க வேண்டும். குடியுரிமைப்படி பார்த்தால் சொல்தா தகுதி பெறுவார். ஆனால் புதுச்சேரி மண்ணில் அந்த ஊசியைப் போடும் மருத்துவர் இந்தியச் சட்டப்படி குற்றவாளி. 18 வயது கடந்த நோயாளியே சம்மதித்தார் என்றால் குற்றம் கொலையிலிருந்து ஒரு படி இறங்கும், அவ்வளவுதான். தற்கொலைக்கு உதவினாலும் பத்தாண்டு வரை சிறை.

இந்தியா அனுமதிப்பது இன்னொன்றை: பிழைக்க வழியில்லாதவருக்குச் செயற்கைச் சுவாசம் போன்றவற்றை நிறுத்தி, நோயை அதன் போக்கில் விடுவது. இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த கதை மும்பையில் தொடங்குகிறது. கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973-இல் கொடூரமாகத் தாக்கப்பட்டு நினைவிழந்தார். அவருக்குக் குழாய்வழி உணவு ஊட்டுவதை நிறுத்தக் கோரி எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கை, அருணாவைப் பல்லாண்டு கவனித்த மருத்துவமனை ஊழியர்களே எதிர்த்தார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை மறுத்தது. ஆனால் உயர் நீதிமன்ற அனுமதியோடு சிகிச்சையை விலக்கலாம் என்ற கொள்கையை ஏற்றது. அருணா 2015 மே மாதம் நிமோனியாவில் இறந்தார். 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, கண்ணியமான மரணமும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லி, தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ‘வாழ்நாள் உயிலை’ அங்கீகரித்தது.

அந்த 2018 நடைமுறை யாரும் ஏறிக் கடக்க முடியாத மதில். உயிலில் நீதித்துறை நடுவர் ஒருவர் மேலொப்பம் இட வேண்டும் என்றால் யார்தான் எழுதுவார்? 2023 ஜனவரியில் தளர்த்தினார்கள். இப்போது இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும். தன்னால் பேச முடியாத நாளில் தனக்காக முடிவெடுக்கப் போகிறவர்களின் பெயரை அதில் குறிப்பிட வேண்டும். பிரதி ஒன்று நகராட்சியோ பஞ்சாயத்தோ நியமிக்கும் பொறுப்பாளரிடம் போகும். நேரம் வரும்போது மருத்துவமனையின் முதல் குழுவும், பிறகு இரண்டாவது குழுவும் கூடி, இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். உயில் இல்லாவிட்டாலும் குடும்பத்தார் சம்மதத்தோடு இதே வழியில் போகலாம். குழுக்கள் ஒப்பாவிட்டால் சென்னை உயர் நீதிமன்றம்தான், புதுச்சேரிக்கும் அதுவே.

அப்படியானால் ஊசியையும் அனுமதித்துவிடலாமே என்பவர்களுக்கு நம் பக்கத்திலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. விருதுநகர் வட்டாரத்தில் கிழடுதட்டிப்போனவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைக் குடிக்கக் கொடுத்து, ஜன்னி கண்டு சாக விடும் ‘தலைக்கூத்தல்’. அதை வைத்து எடுத்த ‘பாரம்’ 2018-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. பார்த்துக்கொள்ள ஆளில்லாத, மருந்துச் செலவுக்குப் பிள்ளைகள் கணக்குப் பார்க்கும் வீட்டில், ‘நானே போய்விடுகிறேன்’ என்று ஒரு பெரியவர் சொன்னால் அது யாருடைய விருப்பம்? பிரான்ஸின் மசோதா இதற்குச் சொல்லும் விடையான மருத்துவர் விசாரிப்பு, நம் நெரிசலான வார்டில் எத்தனை நிமிடம் நடக்கும்?

மறுபக்கம், வலியில் துடிப்பவரிடம் இந்த வாதத்தைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவதும் நியாயமில்லை. மார்ஃபின் வாங்குவதிலிருந்த உரிமச் சிக்கலைக் குறைக்க 2014-இல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தினார்கள். கேரளம் 2008-இலேயே வலி தணிப்பு மருத்துவத்துக்கென்று அரசுக் கொள்கை வகுத்தது. அந்த வலி தணிப்பு முதலில் எல்லோருக்கும் கிடைக்கட்டும்; ஊசியைப் பற்றிய வாக்குவாதத்தை நாம் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

உயில் எழுதினால் மாட்டிக்கொள்வோமோ என்று தயங்குகிறவர்களுக்கு: மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் அதை எழுத்துமூலம் ரத்து செய்யலாம்.