நீலச் சாயத்தின் உண்மை நிறை

அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரை எச்சரித்துத் தொடங்கும் அத்தியாயம் ஒன்று அல்குர்ஆனில் உண்டு. அதுவே ஸூறதுல் முதஃப்பிஃபீன். அரிசியைத் தராசில் நிறுத்துச் சரிபார்க்கலாம். சாயக் கட்டி வாங்குபவர் என்ன செய்வார்? கட்டியின் நிறையைத் தராசு காட்டும். அதனுள் சாயம் எவ்வளவு என்பதைக் காட்டாது.

19ஆம் நூற்றாண்டில் வங்காளம், பீகார் பகுதிகளிலிருந்து அவுரி நீலம் கட்டிகளாக ஐரோப்பாவுக்குச் சென்றது. நிறம் தரும் சேர்வையான இண்டிகோட்டின் சில கட்டிகளில் பாதிக்கும் குறைவு. சிலவற்றில் முக்கால் பங்குக்கும் அதிகம். மாப்பொருள், மணல் கலப்போரும் இருந்தனர். நிறத்தையும், உரசும்போது தெரியும் செப்புப் பளபளப்பையும் கண்ணால் பார்த்து மட்டும் விலை பேசினால் ஒருவர் நட்டமடைவது உறுதி.

இங்கே துணைக்கு வருவது நியமிப்பு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்ஸின் றூவன் நகரில் டெக்குறுவாசில் என்பவர், துணி வெளுக்கும் குளோரீன் கரைசலின் வலிமையை நீலக் கரைசலைக் கொண்டு அளந்தார். குளோரீன் ஓர் ஒட்சியேற்றி. அது நீலத்தை நிறமிழக்கச் செய்யும். அதே முறையைத் திருப்பினால், வலிமை தெரிந்த ஒட்சியேற்றியைக் கொண்டு நீலத்தை அளக்கலாம் அல்லவா?

இதற்குப் பயன்பட்டது பொற்றாசியம் பரமங்கனேற்று. வீடுகளில் கொண்டிஸ் எனப்படும் ஊதாப் படிகம் அதுவே. நீலம் நீரில் கரையாது. எனவே நிறுத்தெடுத்த தூளைச் செறிந்த சல்பூரிக்கமிலத்துடன் சூடாக்கிக் கரையச் செய்து, அதை நீரில் மெதுவாக ஊற்றி நன்கு ஐதாக்குவர். பின்னர் அளவியிலிருந்து பரமங்கனேற்றைத் துளித்துளியாகச் சேர்ப்பர். நீலம் பச்சையாகி, இறுதியில் மஞ்சளாகும். அதுவே முடிவுப்புள்ளி, வேறு காட்டி தேவையில்லை.

தூய நீலத்துக்கு 20 கன சென்ரிமீற்றரும், அதே நிறையுள்ள சந்தை மாதிரிக்கு 12 கன சென்ரிமீற்றரும் செலவானால், மாதிரியில் சாயம் 60 சதவீதம்.

ஆனால் பரமங்கனேற்று, சாயத்துடன் வரும் வேறு சேதனப் பொருள்களையும் ஒட்சியேற்றும். அவற்றை அகற்றாவிட்டால் சாயம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். ஆகவே கரைசலில் உப்பிட்டு நீலத்தை மட்டும் வீழ்படிவாக்கி, வடித்து, மீண்டும் கரைத்து நியமித்தனர்.

சகோதரிகளே, ஆய்வுகூடத்தில் ஒரு துளி கூடிவிட்டால் வாசிப்பைச் 'சரிசெய்து' எழுதத் தோன்றலாம். அந்த ஒரு துளி அன்று ஒருவருடைய உழைப்பின் விலையாக இருந்தது. கண்ட வாசிப்பை அப்படியே எழுதுவதும் நிறுவையில் நேர்மைதான்.