கணினி மொழியிற் செய்கைக் குறிகள்

தமிழாசிரியர் கணினி மொழியைப் பற்றி எழுதப் புகுந்தமை சிலர்க்கு வியப்பளித்தல் கூடும். மொழி எதுவாயினும் அதற்கு இலக்கணம் உண்டு. இலக்கணம் உள்ளவிடத்துத் தமிழாசிரியர்க்குச் சிறிது அலுவலும் உண்டு. எமது உயர்தர வகுப்பு மாணாக்கர் பயிலும் பைதன் என்னும் மொழி, ஒல்லாந்தராகிய கைடோ வான் ரொஸம் என்பவரால் ஆக்கப்பெற்று 1991 இல் வெளிவந்தது. தொடக்கநிலையாளர்க்கு எளிதெனப் பெயர் பெற்ற அம்மொழியின் செய்கைக் குறிகளை ஈண்டு நோக்குவாம்.

செய்கைக் குறியாவது, தன் இருமருங்கும் நிற்கும் மதிப்புகளைக் கொண்டு புதிய மதிப்பொன்றைத் தருவது. 17 மாம்பழங்களை ஐவர்க்குப் பங்கிடுவதாகக் கொள்வோம். 17 / 5 என எழுதின் 3.4 வரும். 17 // 5 எனின் ஒவ்வொருவர்க்கும் உரிய முழுப்பழம் 3 வரும். 17 % 5 எனின் மீதியாகிய 2 வரும். பெருக்கற்குறி * ஆகும். அடுக்கிற்கு அதனை இருமுறை இடுவர். ஆதலின் 2 ** 3 என்பது 8.

ஒரு குறியே இடம்நோக்கித் தொழில் வேறுபடுதலும் உண்டு. 3 + 4 என்பது 7. அவற்றை மேற்கோட் குறிகளுள் இட்டு "3" + "4" என எழுதினால், எழுத்தும் எழுத்தும் ஒட்டி "34" ஆகும். "பனை" + "காய்" என்பதோ "பனைகாய்" என்றே நிற்கும். பனங்காய் ஆக்கும் புணர்ச்சி விதியைக் கணினி அறியாது.

சமன்குறி மாணாக்கரைப் பெரிதும் மயக்குவது. பைதனின் 3 ஆம் பதிப்பு 2008 இல் வந்தபின் பெயர்களைத் தமிழெழுத்திலேயே இடலாம். புள்ளி = புள்ளி + 5 என்னும் தொடரைக் கணித ஆசிரியர் பொய்யென்பார். ஈண்டு அதன் பொருள், பழைய புள்ளியுடன் 5 கூட்டி அதே பெயரில் வைக்க என்னும் ஏவலே. இரண்டும் சமனோ என வினவுதற்கு == என இரட்டித்து எழுதல் வேண்டும்.

இனி, ‘அன்ட்’, ‘ஓர்’ என்னும் ஆங்கிலச் சொற்களும் குறிகளாக வழங்கும். "கலைப் பிரிவினரும் வர்த்தகப் பிரிவினரும் மண்டபத்திற்கு வருக" என்றால் இருசாராரும் வருவர். அவ்வும்மையை ‘அன்ட்’ எனப் பெயர்த்தாற் பட்டியலில் ஒருவரும் வாரார். கணினி மாணாக்கரை ஒருவர் ஒருவராக நோக்குவது. ஒருவரே இரு பிரிவிலும் இருத்தல் இயலாது. ஆங்கு வேண்டுவது ‘ஓர்’.

பெருக்கல், வகுத்தல் என்பன கூட்டலுக்கு முன் நிகழ்தல் போல, ‘அன்ட்’ என்பது ‘ஓர்’ என்பதற்கு முன் பிணைக்கும். இதனை மறந்து யாம் ஒருமுறை இடர்ப்பட்டோம். தமிழிலேனும் கணிதத்திலேனும் குறைந்தது 75 புள்ளி, அத்துடன் குறைந்தது 80 வீத வரவு என்பது ஒரு பரிசின் விதி. யாம் எழுதியது பின்வருமாறு:

தமிழ் >= 75 ‘ஓர்’ கணிதம் >= 75 ‘அன்ட்’ வரவு >= 80

வரவு கணிதத்தோடு மட்டும் பிணைந்தது. தமிழில் 75 பெற்றோர் யாவரும் வரவு நோக்கப்படாமலே பட்டியலில் ஏறினர். கணினி பிழையென ஒரு சொல்லும் கூறவில்லை. பட்டியலை ஒட்டியபின்னரே தவறு புலனாயிற்று. வீட்டார்க்குச் சொல்லி மகிழ்ந்திருந்த மாணாக்கன் ஒருவனை அழைத்து, "தம்பி, பிழை எம்முடையது, பரிசு உமக்கில்லை" என்று கூற நேர்ந்தது. அவன் "பரவாயில்லை, சேர்" என்றான். அச்சொல் இன்றும் எம்மை உறுத்துகின்றது. திருத்தமோ ஓர் அடைப்புக்குறியே:

(தமிழ் >= 75 ‘ஓர்’ கணிதம் >= 75) ‘அன்ட்’ வரவு >= 80

கேட்போர் குறிப்பறிந்து பொருள் கொள்வர். கணினி எழுதியதையே கொள்ளும். ஆதலின் மாணாக்கர் ஐயமுள்ளவிடத்து அடைப்புக்குறி இடுக. விடை தெரிந்த ஓர் எடுத்துக்காட்டை முதலில் இட்டுச் சோதிக்க. புள்ளி மிகுந்து வரவு குறைந்த ஒருவனை யாம் அன்று இட்டுப் பார்த்திருப்பின், அத்தம்பியை அழைக்க நேர்ந்திராது.