சவுக்குத் தோப்பு: இடைவெளியும் உரமும்

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டார மணற்பாங்கான நிலங்களில் வளரும் சவுக்கு, பார்வைக்கு ஊசியிலை மரம்; உண்மையில் பூக்கும் தாவரம். ஊசிபோல் தெரிபவை கணுக்கள் கொண்ட சிறு கிளைகள்.

வேர் முடிச்சுகளில் வாழும் ஃபிராங்கியா நுண்ணுயிர் காற்றின் நைட்ரஜனை மரத்துக்கு ஈட்டித் தருகிறது. ஆகவே யூரியாவைவிட மணிச்சத்தே முக்கியம். நடவின்போது இடும் சூப்பர் பாஸ்பேட் முடிச்சுகள் பெருக உதவுகிறது.

ஒரு மீட்டர் இடைவெளியில் எக்டேருக்கு 10,000 கன்றுகள் நடலாம். சாரக் கழிக்கும் காகிதக் கூழுக்கும் இந்த நெருக்கம் ஏற்றது. பருத்த மரம் வேண்டுமெனில், கிளைகள் ஒன்றோடொன்று முட்டத் தொடங்கும்போதே நலிந்தவற்றை வெட்டிக் கலைக்க வேண்டும். அதனால் உயரம் பெரிதாக மாறாது. ஒளியும் நீரும் தாராளமாகக் கிடைத்து, எஞ்சிய மரங்களின் அடி பருக்கும். கலைக்காத தோப்பில் எவ்வளவு உரமிட்டாலும் நெரிசல் தீராது. மிகத் தாமதமாகக் கலைத்தால், ஒல்லியாக நெடிது வளர்ந்த மரங்கள் புயற்காற்றில் எளிதில் சாயும்.