குதிரைக்கு முதுகு பிடிச்சு விடுறவங்க

"பார்ட் டைமா என்னடா வேலை பாக்குற?"ன்னு போன வாரம் மாமா போன்ல கேட்டார். "குதிரை லாயத்துல மாமா. சாணி அள்ளுவேன், புல்லு வைப்பேன், குதிரைக்கு மசாஜ் பண்ற ஒரு அம்மா வந்தா கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்"னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா, "மசாஜா? குதிரைக்கா?"

சிரிக்காதீங்க மக்களே. நானும் அப்படித்தான் சிரிச்சேன்.

நான் இருக்குறது நியூமார்க்கெட் பக்கம். கேம்பிரிட்ஜில இருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். இந்தச் சின்ன ஊர்ல பந்தயக் குதிரைகள் மட்டுமே மூவாயிரம் பக்கம் இருக்கும்னு சொல்வாங்க. காலையில வரிசையா குதிரைங்க ரோட்டைக் கடக்கும், கார்க்காரங்க பொறுமையா நிப்பாங்க. எங்க லாயத்துல இருக்குறது பந்தயக் குதிரை இல்ல, சாதாரணமா சவாரி போறவங்க வளர்க்கிறது. அதுக்கும் மசாஜ் உண்டு.

அந்தம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். வந்த உடனே குதிரை மேல கை வைக்க மாட்டாங்க. கெட்டித் தரையில நடத்திக் காட்டச் சொல்வாங்க. நான் நடத்துவேன், அவங்க கண்ணை மூடிக்கிட்டு குளம்புச் சத்தத்தை மட்டும் கேப்பாங்க. நாலு காலும் ஒரே தாளத்துல விழணும். அப்புறம் சேணத்தைக் கவுத்துப் போட்டு அடிப்பக்கம் பார்ப்பாங்க. முதுகுவலிக்குப் பாதி காரணம் சேணம்தான்னு அவங்க கட்சி. அதுக்கப்புறம்தான் கை.

ஒரு விஷயம் கேட்டு அசந்து போயிட்டேன். குதிரைக்குக் காறையெலும்பே கிடையாதாம். முன்னங்காலுக்கும் உடம்புக்கும் நடுவுல எலும்பு மூட்டே இல்ல. ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல, தூளியில குழந்தையைப் போட்ட மாதிரி, நெஞ்சுக்கூடு வெறும் தசையிலயும் தசைநார்லயும் தொங்குது. அரை டன் எடையில பாதிக்கு மேல முன்னங்கால் தாங்குறது இப்படித்தான். அதே சமயம் முன்னங்கால் முட்டிக்குக் கீழ தசைன்னு சொல்லிக்கிற மாதிரி எதுவும் இல்ல, எல்லாம் நாரும் எலும்பும்தான். அதனால காலுல வர்ற வலிக்குக் கூட கை தேடிப் போறது தோளுக்கும் முதுகுக்கும்.

முதல்ல உள்ளங்கை, அப்புறம் விரல் நுனி, பெரிய தசைக்கு முழங்கை. "கையைப் பார்க்காதே, கண்ணைப் பார்"னு எனக்குச் சொல்வாங்க. வலிக்கிற இடத்துல பட்டா காது பின்னாடி போகும், வால் வெடுக்குனு ஆடும், கண்ணு மேல ஒரு சுருக்கம் விழும். இளகிடுச்சுன்னா தலை தொங்கும், கீழுதடு லொடலொடன்னு ஆடும், கொட்டாவி விடும். குதிரை கொட்டாவி விட்டா அத்தனை பல்லையும் எண்ணிடலாம் :)

இதெல்லாம் நிஜமா, இல்ல காசு பறிக்கிற வேலையான்னு எனக்கும் சந்தேகம் இருந்தது. கொஞ்சம் படிச்சுப் பார்த்தேன். பிரான்சுல கமார்க் குதிரைகளை வெச்சு 1993ல ஒரு ஆய்வு வந்திருக்கு. கழுத்து முடிஞ்சு முதுகு ஆரம்பிக்கிற மேட்டுக்குப் பக்கத்துல, குதிரைங்க ஒண்ணையொண்ணு பல்லால சொறிஞ்சு விடுமே, அந்த இடத்துல மனுஷன் கையால சொறிஞ்சா இதயத்துடிப்பு குறையுது. வேற இடத்துல சொறிஞ்சா குறையல. ஆக, சுகம் நிஜம். ஆனா "லாக்டிக் அமிலத்தைப் பிழிஞ்சு எடுக்கும்", "நச்சு வெளியேறும்"னு விளம்பரத்துல போடுறது ரீல். அந்த அமிலம் யாரும் தொடாமலே கொஞ்ச நேரத்துல தானே போயிடும். அந்தம்மாவும் அப்படி எதுவும் சொல்றதில்ல.

நிற்க. இதை எழுத உட்கார்ந்ததே செவலைக்காகத்தான்.

செவலை எங்க லாயத்துல ஒரு பெட்டைக் குதிரை. நல்ல சாது. போன குளிர்காலத்துல மூணு நாளா தரை பனியில உறைஞ்சு கண்ணாடி மாதிரி கிடந்தது. யாரும் சவாரி போகல. குதிரைங்க உள்ளேயே நின்னுச்சு, தீனி மட்டும் குறையல. நாலாம் நாள் செவலையை ஓட்டிட்டுப் போன ஓனர் பொண்ணு கால்மணி நேரத்துல இறங்கி, கையில பிடிச்சு நடத்திக்கிட்டே திரும்பி வந்தா. வாசல்லயே செவலை நின்னுடுச்சு. அந்தக் குளிர்லயும் வேர்வை ஒழுகுது. பின்னங்கால் நகரல. தொடை மேல கை வெச்சேன், அம்மிக்கல்லு மாதிரி இருந்தது. அன்னைக்கு அந்தம்மா வர்ற நாள், வேற குதிரைக்குப் பண்ணிட்டு இருந்தாங்க. ஆஹா, இத்தனை மாசம் பார்த்துக் கத்துக்கிட்டதைக் காட்டுவோம்னு நான் ரெண்டு கையாலயும் பிசைய ஆரம்பிச்சேன்.

"தொடாதே!"

அந்தம்மா கத்தி நான் கேட்டதே இல்ல. ஓடி வந்து என் கையைத் தட்டி விட்டாங்க. பிசையக் கூடாது, ஒரு அடி கூட நடத்தக் கூடாது, போர்வையைப் போட்டுட்டு உடனே டாக்டருக்குப் போன் போடுன்னாங்க. கொஞ்ச நேரத்துல செவலை மூத்திரம் விட்டது, கடுங்காப்பி நிறத்துல.

தசை உள்ளுக்குள்ள சிதையுற வியாதியாம். அந்தக் காலத்துல வண்டிக் குதிரைக்கு ஞாயித்துக்கிழமை லீவு விட்டு, தீனியைக் குறைக்காம போட்டு, திங்கக்கிழமை வண்டியில பூட்டினா வருமாம். அதனாலயே திங்கக்கிழமை நோய்னு பேரு. சிதையுற தசையோட நிறமி ரத்தத்துல கலந்து மூத்திரத்துல வருது, கிட்னியையே காலி பண்ணலாம். நான் பிசைஞ்சது சிதையுற தசையை. அவ்வ்வ்வ்னு காமெடி பண்ற விஷயம் இல்ல, அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

டாக்டர் வந்து வலிக்கு ஊசி போட்டு, டியூப்ல தண்ணி ஏத்தி, ரத்தம் எடுத்துட்டுப் போனார். செவலை பிழைச்சுடுச்சு. சில இனங்கள்ல இதுக்கு ஒரு மரபணுக் கோளாறு காரணம்னு 2008ல கண்டுபிடிச்சிருக்காங்க. பிடரி மயிரை வேரோட பிடுங்கி அனுப்பினா டெஸ்ட் பண்ணிச் சொல்லிடுவாங்க. செவலைக்கு இருந்தது. இப்போ தானியம் கட், தினமும் நடை.

ஆனா எனக்கு மறக்காதது வேற. அன்னைக்கு சாயங்காலம் அந்தம்மா தன்னோட நோட்டை எடுத்துப் புரட்டினாங்க. மூணு மாசமா ஒவ்வொரு தடவையும் "செவலை, பின்தொடை இறுக்கம்"னு அவங்க கையெழுத்துலயே இருக்கு. ஒவ்வொரு தடவையும் பிசைஞ்சு இளக்கி விட்டிருக்காங்க. அது நல்லா நடந்திருக்கு, ஓனரும் சந்தோஷமா காசு கொடுத்திருக்கா. ஏன் திரும்பத் திரும்ப அதே இடம்னு யாரும் கேக்கல. "என் கை நல்லா வேலை செஞ்சதாலதான் டாக்டர் வர லேட்டாச்சு"ன்னாங்க. என் எதிர்லயே ஓனர் பொண்ணுக்குப் போன் போட்டு அதையே சொன்னாங்க, மழுப்பாம.

சொல்லாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இந்த நாட்டுல மிருகத்துக்கு என்ன வியாதின்னு கால்நடை டாக்டர் மட்டும்தான் சொல்லணும்னு 1966லயே சட்டம் இருக்கு. ஆனா "குதிரை மசாஜ் தெரபிஸ்ட்"னு போர்டு மாட்டிக்க எந்தத் தடையும் இல்ல, நான் கூட நாளைக்கே மாட்டலாம் (விசா விடாது, அது வேற கதை). நடுவுல இருக்குற அந்த இடைவெளியில நிக்கிறது அந்தந்த ஆளோட மனசாட்சி மட்டும்தான்.

இப்போ அந்தம்மா ஒரு வழக்கம் வெச்சிருக்காங்க. ஒரே இடம் ரெண்டு தடவை இறுகியிருந்தா, டாக்டர் பார்க்காம மூணாவது தடவை கை வைக்க மாட்டாங்க. இதனால மூணு கஸ்டமர் போயாச்சு. "பிசைஞ்சு விடத்தானே கூப்பிட்டேன்"னு ஒருத்தர் என் எதிர்லயே சண்டை போட்டார்.

நேத்து செவலைகிட்ட போனேன். தொடைப் பக்கம் போக இன்னும் எனக்குத் தைரியம் வரல. கழுத்து மேட்டுல மட்டும் சொறிஞ்சு விட்டேன். தலையைத் தொங்கப் போட்டு, உதட்டை நீட்டி, பதிலுக்கு என் தோளைச் சொறிஞ்சு விட்டுச்சு. மாமா வாங்கிக் கொடுத்த ஜெர்கின், தோள்பட்டையில ஒரு ஜாண் கிழிஞ்சு போச்சு. அவர்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல.